நாற்பத்தாறாம் செக்டரில் நின்றுபோன புதுப்பிப்பு: ஒரு பம்ப் கன்ட்ரோலரை மீட்ட அனுபவம்

என் வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டியின் ரிட்டர்ன் பம்பை இயக்கும் கன்ட்ரோலர், ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருந்து அதை இயக்கும் நிரல்) புதுப்பிப்பின்போது நான்கு முறை பாதியில் தடுமாறி, ஐந்தாவது முறை நூறு சதவீதமும் இறங்கி முடிந்த பிறகு உயிரை விட்டது. பாதியில் நின்ற நான்கு முறையும் கன்ட்ரோலருக்கு ஒன்றும் ஆகவில்லை. முழுதாக முடிந்த முறைதான் அதைக் கெடுத்தது. இந்தப் புதிருக்கு விடை காண எனக்கு மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளில் செய்ததையும், செய்யாமல் விட்டதால் தப்பித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கூடத்தில் 220 லிட்டர் தொட்டி, அதன் கீழே மர அலமாரிக்குள் சம்ப் எனும் துணைத்தொட்டி, சம்பிலிருந்து நீரை மேலே ஏற்றும் 24 வோல்ட் டிசி பம்ப், அதே அலமாரியின் பக்கச்சுவரில் திருகிவைத்த உள்ளங்கை அகல கன்ட்ரோலர். பம்பின் வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது, தீனி போடும்போது பத்து நிமிடம் நிறுத்தி வைப்பது, இரவில் வேகத்தைத் தணிப்பது ஆகியவை அதன் வேலைகள். கைபேசிச் செயலி வழியாக வைஃபையில் பேசும். தயாரித்த நிறுவனத்தின் பெயர் இந்தப் பதிவுக்குத் தேவையில்லை. இதே வகையில் கட்டப்பட்ட கன்ட்ரோலர்கள் பல பெயர்களில் விற்கப்படுகின்றன. உள்ளே இருப்பதும் ஏறத்தாழ ஒன்றுதான்.

கன்ட்ரோலர் செத்ததும் பம்பை ஓட்ட வழியில்லாமல் போயிற்று. பழுது பார்ப்பதற்கு முன்னால் பார்க்கவேண்டியது தொட்டியைத்தான். மே மாதச் சென்னையில் ஏற்கெனவே சூடாக இருக்கும் நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரைந்திருக்கும். சம்புக்கும் தொட்டிக்கும் இடையே ஓட்டம் நின்றால் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறக்க அதிக நேரம் ஆகாது. மின்வெட்டுக்காகக் கொளத்தூர் மீன்கடையில் வாங்கிவைத்திருந்த பேட்டரி ஏர் பம்பை உடனே தொட்டியில் இறக்கினேன். பிறகு பரணில் கிடந்த பழைய 230 வோல்ட் பம்பை எடுத்துக் கழுவி, குழாயில் பொருத்தி, ஓடவிட்டேன். அது ஒரே வேகத்தில்தான் ஓடும், சத்தமும் அதிகம். ஆனால் அது ஓடிக்கொண்டிருந்ததால்தான் என்னால் மூன்று நாள் அவசரமில்லாமல் யோசிக்க முடிந்தது. மாற்றுப் பம்ப் கையில் இல்லாதவர் ஃபர்ம்வேர் புதுப்பிப்பில் கைவைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இனி அந்த ஐந்து முயற்சிகள். முதல் முறை 23 சதவீதத்தில் நின்றது. கன்ட்ரோலரின் நீலவிளக்கு ஒருமுறை அணைந்து மறுபடி எரிந்தது. செயலி "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்றது. பம்ப் பழையபடி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த முறை 41, அதற்கடுத்து 12, பிறகு 64. இந்த எண்களை ஒரு தாளில் குறித்துவைத்தேன். பின்னால் அது பெரிதும் உதவியது. ஒவ்வொரு முறையும் ஒரே சதவீதத்தில் நின்றிருந்தால், கோப்பிலோ அந்தச் சிப்பின் ஒரு குறிப்பிட்ட இடத்திலோ குறை என்று சந்தேகிக்கலாம். தொடங்கியவுடனே, பூஜ்ஜியத்திலேயே மறுத்திருந்தால், புதிய கோப்பை வைக்க இடம் போதவில்லை என்று கருதலாம். எண்கள் இப்படிச் சிதறிக் கிடந்தால் காரணம் வெளியே இருக்கிறது: வைஃபை, அல்லது மின்சாரம்.

எல்லாரையும் போல நானும் வைஃபையைத்தான் முதலில் பிடித்துக்கொண்டேன். அதற்குக் காரணமும் இருந்தது. இந்தக் கன்ட்ரோலர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும்; அந்த அலைவரிசையை நீர் நன்றாக உறிஞ்சும்; கன்ட்ரோலருக்கும் ரவுட்டருக்கும் நடுவே 220 லிட்டர் உப்புநீர் நிற்கிறது. ரவுட்டரைக் கூடத்துக்கே கொண்டுவந்து, அலமாரிக் கதவைத் திறந்து, அதற்கு நேர் எதிரே ஒரு முக்காலியில் வைத்தேன். 64 சதவீதம் வரை போனது அந்த முயற்சிதான். முன்னேற்றம் கண்டதாக நினைத்து மகிழ்ந்தேன். அது தற்செயல் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஐந்தாவது முயற்சிக்கு முன் பம்பைக் கழற்றி சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறப்போட்டேன்; மாதாந்திரச் சுத்தம் அன்றுதான் விழுந்தது. அதனால் கன்ட்ரோலரிலிருந்து மோட்டார் கம்பி பிடுங்கப்பட்டிருந்தது. பம்ப் ஊறட்டும், அதற்குள் இதை இன்னொரு முறை பார்ப்போம் என்று தொடங்கினேன். எங்கும் நிற்காமல் நூறு சதவீதத்தைத் தொட்டது. செயலி "மறுதொடக்கம் செய்கிறது" என்றது. நீலவிளக்கு அணைந்தது. காத்திருந்தேன், விளக்கு வரவில்லை. நான்கு முறை ஏமாந்தவனுக்குப் பொறுமை எவ்வளவு இருக்கும்? ஐந்தாறு நொடி பார்த்துவிட்டு, இதுவும் தொங்கிவிட்டது என்று முடிவுகட்டி அடாப்டரைப் பிடுங்கி மறுபடி செருகினேன். அதன்பிறகு அந்த விளக்கு எரியவே இல்லை.

நிறுவனத்துக்கு எழுதினேன். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது, புதிய கன்ட்ரோலர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மறுநாளே மரியாதையாகப் பதில் வந்தது. விலை, பம்பின் விலையில் ஏறக்குறைய பாதி. திருப்புளியை எடுத்தேன்.

பெட்டியைத் திறந்ததும் கண்ணில் பட்டது உப்பு. கம்பி நுழையும் ரப்பர் வளையத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து, உள்ளே ஒரு விரற்கடை தூரம் ஊர்ந்து வந்திருந்தது. மோட்டார் இணைப்பானின் ஒரு காலில் பச்சை பிடித்திருந்தது. கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஈரம் கம்பி வழியே ஏறி வந்து காய்கிறது, உப்பை விட்டுச் செல்கிறது, அந்த உப்பு மேலும் ஈரத்தை இழுக்கிறது. மென்மையான பல்துலக்கியும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் கொண்டு துடைத்துக் காயவைத்தேன். விளக்கு எரியவில்லை. எரியும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. உப்பு அரித்துச் சாகும் கருவி, சரியாகப் புதுப்பிப்பு முடிந்த நொடியில் சாகாது.

பலகையில் இரண்டு சிப்கள் முக்கியமானவை. ஒன்று மோட்டாரின் மூன்று கம்பிச்சுருள்களுக்கும் முறைவைத்து மின்னோட்டம் அனுப்பும் சிறிய மைக்ரோகன்ட்ரோலர். மற்றொன்று தகர மூடி போட்ட வைஃபை மாட்யூல். இருபத்திரண்டு கால்கள் கொண்ட ஈஎஸ்பி-12எஃப், அதாவது ஈஎஸ்பி8266 சிப்பும், நிரலைச் சேமித்து வைக்கும் 4 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகமும் சேர்ந்தது. வைஃபை மாட்யூல் வேகத்தைச் சொல்லும், மோட்டார் சிப் அதைச் செய்யும். மாட்யூலிடமிருந்து பேச்சு வராமல் போனால் மோட்டார் சிப் பம்பை நிறுத்திவிடும். என் பம்பை ஓட்ட முடியாமல் போனது அதனால்தான்.

ஈஎஸ்பி8266 எவ்வளவு கெட்டுப்போனாலும் அதற்குள் அழிக்கமுடியாத ஒரு பகுதி உண்டு. தொழிற்சாலையிலேயே சிப்புக்குள் பொறிக்கப்பட்ட துவக்க நிரல் அது. மின்சாரம் வந்தவுடன் சீரியல் காலில், அதாவது கணினியோடு எழுத்துகளாகப் பேசக்கூடிய காலில், ஒரு வரியை எழுதும். அந்த வரியில் 2013 ஜனவரி 8 என்ற தேதி இருக்கும். அந்தத் தேதியைத் திரையில் பார்த்துவிட்டால் சிப் உயிரோடு இருக்கிறது என்று நிம்மதி அடையலாம். ஆனால் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாரும் வைக்கும் 115200 (நொடிக்கு இத்தனை பிட்) வேகத்தில் கேட்டால் குப்பை எழுத்துகளே வரும். மாட்யூலில் இருக்கும் 26 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் காரணமாக அந்த வரி 74880 என்ற விசித்திரமான வேகத்தில் வருகிறது. இது தெரியாமல், குப்பை வருகிறதே, சிப் போய்விட்டது என்று மாட்யூலையே தூக்கிப்போட்டவர்களை எனக்குத் தெரியும்.

மாட்யூலின் 21, 22ஆம் கால்களில் மெல்லிய கம்பிகளைச் சால்டர் செய்து, யுஎஸ்பி-சீரியல் அடாப்டருடன் இணைத்தேன். 24 வோல்ட் அடாப்டரைத் தள்ளிவைத்துவிட்டு, தனி மின்வழங்கியிலிருந்து 3.3 வோல்ட் மட்டும் கொடுத்தேன். இங்கே இரண்டு எச்சரிக்கைகள். இந்த மாட்யூலுக்கு 5 வோல்ட் சைகை ஆகாது; யுஎஸ்பி அடாப்டரில் வோல்ட் மாற்றும் ஜம்பர் இருந்தால் முதலில் அதைப் பார்க்கவேண்டும். இரண்டாவது, யுஎஸ்பி அடாப்டரில் உள்ள 3.3 வோல்ட் காலிலிருந்தே மாட்யூலுக்கு மின்சாரம் எடுக்கக்கூடாது. எஃப்டி232ஆர் வகை சிப்பின் அந்தக் கால் 50 மில்லி ஆம்பியர்தான் தரும். ஈஎஸ்பி8266 வைஃபையில் அனுப்பும் கணத்தில் 170 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும்.

74880 வேகத்தில் திரை பேசத் தொடங்கியது. தேதி வந்தது. மீட்டமைப்பின் காரணம் 1, அதாவது இப்போதுதான் மின்சாரம் வந்தது. துவக்க முறை 3, அதாவது ஃபிளாஷிலிருந்து ஏற்றுகிறது. அடுத்து வந்த வரிகள், ஃபிளாஷின் முதல் செக்டரில், அதாவது முதல் துண்டில், உள்ள சிறிய ஏற்றி நிரல் சரியாகப் படிக்கப்பட்டதைக் காட்டின. அந்த ஏற்றி முதன்மை நிரலை ஏற்றத் தொடங்குவதற்கு அடையாளமாக "எல்டி" என்று இரண்டு எழுத்து எழுதும். என் திரையில் அது வந்தது, அதற்குமேல் எதுவும் வரவில்லை. சற்று நேர மௌனம். பிறகு மறுபடியும் அதே தேதி, இம்முறை மீட்டமைப்பின் காரணம் 4, அதாவது உள்ளே எதுவோ தொங்கியதால் காவல் கடிகாரம் தட்டி எழுப்பியது. இப்படியே சுற்றிக்கொண்டிருந்தது. ஏற்றி நலம், ஏற்றப்படவேண்டிய நிரல் கெட்டது என்ற அளவுக்கு இதிலிருந்து தெளிவாயிற்று.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான வழிகாட்டிகள் "முதலில் ஃபிளாஷ் முழுவதையும் அழித்துவிடுங்கள்" என்று சொல்கின்றன. அந்தக் கட்டளையைத் தட்டச்சு செய்யவும் செய்தேன்; எண்டர் விசைக்குக் கை போகுமுன் ஒரு கேள்வி எழுந்தது. அழித்துவிட்டு எதை எழுதப் போகிறேன்? என்னிடம் ஃபர்ம்வேர் கோப்பு இல்லை. நிறுவனம் அதைத் தனியே தருவதில்லை. செயலிதான் நேராகக் கன்ட்ரோலருக்கு இறக்குகிறது. அந்தக் கேள்வி எழாமல் போயிருந்தால் இந்தப் பதிவு இல்லை.

எனவே எதையும் எழுதுவதற்கு முன் முழு ஃபிளாஷையும் படித்து நகல் எடுப்பது என்று முடிவுசெய்தேன். படிக்க, மாட்யூலின் 18ஆம் காலை, அதாவது ஜிபிஐஓ0 காலைத் தரையோடு இணைத்துவிட்டு மின்சாரம் கொடுக்கவேண்டும். அப்போது துவக்க முறை 3க்குப் பதில் 1 என்று வரும், சிப் சீரியல் வழியே கட்டளைக்குக் காத்திருக்கும். 1 வந்தது. ஆனால் இந்தச் சிப்பின் ஃபிளாஷைக் கணினியிலிருந்து படிக்கவும் எழுதவும் உதவும் ஈஎஸ்பிடூல் நிரலைக் கொண்டு இணைக்க முயன்றபோது ஒவ்வொரு முறையும் தோல்வி. கம்பிகளை மாற்றினேன், வேகத்தைக் குறைத்தேன், யுஎஸ்பி அடாப்டரையே மாற்றினேன். ஒரு மாலை முழுவதும் இதில் போயிற்று.

காரணம் பலகையிலேயே இருந்தது. வைஃபை மாட்யூலும் மோட்டார் சிப்பும் பேசிக்கொள்வது அதே சீரியல் கால்கள் வழியாகத்தான். மாட்யூலின் கேட்கும் காலை மோட்டார் சிப் தன் பக்கத்திலிருந்து இறுகப் பிடித்திருந்தது. என் யுஎஸ்பி அடாப்டர் அதே கம்பியில் கத்தினாலும் எடுபடவில்லை. சிப் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது அதற்குக் கேட்கவில்லை. அதனால்தான் தேதி வரி அழகாக வந்தது, இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை. இரண்டு சிப்களுக்கும் நடுவே ஓர் எள்ளளவு பூஜ்ஜிய ஓம் இணைப்பு, அதாவது வெறும் கம்பித்துண்டு போல் வேலை செய்யும் சிறு பாகம், இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அதன் ஒரு முனையைச் சால்டர் முனையால் சூடாக்கித் தூக்கினேன். அடுத்த முயற்சியிலேயே இணைந்தது.

4 மெகாபைட்டையும் 115200 வேகத்தில் படிக்க ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனது. ஒருமுறை படித்ததை நம்பாமல் இரண்டாம் முறையும் படித்து, இரண்டு நகல்களின் எம்டி5 கூட்டுத்தொகையும் (கோப்பின் கைரேகை போன்றது) ஒன்றே என்று உறுதிசெய்துகொண்டேன். நீளமான கம்பிகளில் ஒரு பிட் புரண்டாலும் பின்னால் வரும் ஒப்பீடுகள் எல்லாம் பொய்யாகிவிடும்.

நகலின் உள்ளே

ஃபிளாஷ் நினைவகம் 4096 பைட் கொண்ட செக்டர்களாகப் பிரிந்திருக்கும். அழிப்பது ஒரு முழு செக்டராகத்தான் முடியும். அழித்த செக்டரில் எல்லா பைட்டும் 255 என்று இருக்கும். 4 மெகாபைட்டுக்கு 1024 செக்டர்கள், 0 முதல் 1023 வரை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நகலை, கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன்.

உள்ளே கிடந்த பிழைச் செய்திகளின் சொற்களைக் கொண்டு பார்த்தால், இந்த ஃபர்ம்வேர், இத்தகைய சிப்களுக்கு நிரல் எழுதப் பலரும் பயன்படுத்தும் அர்டுயினோ கட்டமைப்பில் எழுதப்பட்டது என்று தெரிந்தது. அது தெரிந்ததும் பாதிப் புதிர் அவிழ்ந்தது. அர்டுயினோ வழியில் ஈஎஸ்பி8266 தன்னைப் புதுப்பித்துக்கொள்வது இரண்டு கட்டங்களாக நடக்கும். முதல் கட்டத்தில், ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரல் புதிய நிரலை வைஃபையில் வாங்கி, ஃபிளாஷின் மேல்பகுதியில், கோப்பு முறைமை (நிரல் தன் கோப்புகளைச் சேமிக்கும் பகுதி) தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் காலியாக உள்ள இடத்தில் அடுக்கிவைக்கும். இந்தக் கட்டத்தில் எது நடந்தாலும் பழைய நிரலுக்குச் சேதமில்லை. செயலி காட்டும் சதவீதம் இந்தக் கட்டத்துக்கு மட்டுமே உரியது. எல்லாம் வந்து சேர்ந்தபின், "இந்த இடத்திலிருந்து இவ்வளவு பைட்டை எடுத்து முதல் செக்டர் தொடங்கி எழுது" என்று ஒரு குறிப்பை ஆர்டிசி நினைவகத்தில் எழுதிவிட்டு மறுதொடக்கம் ஆகும். இரண்டாம் கட்டத்தில், முதல் செக்டரில் உள்ள சிறிய ஏற்றி அந்தக் குறிப்பைப் படித்து, ஒவ்வொரு செக்டராக அழித்து, புதியதை அதன்மேல் எழுதிக்கொண்டே போகும். அதுவரை வைஃபை இல்லை, விளக்கு இல்லை, வெளியே எந்த அறிகுறியும் இல்லை.

ஆர்டிசி நினைவகம் மறுதொடக்கத்தைத் தாங்கும். மின்சாரம் போனால் தாங்காது. நகலெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அடாப்டரைப் பிடுங்கினால் குறிப்பு மறைந்துவிடும். மறுபடி செருகும்போது, தான் பாதி வேலையில் இருந்தோம் என்பதே ஏற்றிக்குத் தெரியாது. பாதி புதியதும் பாதி பழையதுமான நிரலை நம்பி ஓட்டப் பார்க்கும்.

அப்படியானால் சாட்சி ஃபிளாஷிலேயே இருக்கவேண்டும். தேடினேன். இந்த வகை நிரல் கோப்பின் முதல் பைட் எப்போதும் 233. நகலில் செக்டர் 651இன் தொடக்கத்தில் 233 இருந்தது. அதற்கடுத்த செக்டரின் தொடக்கத்திலும் 233, ஏனெனில் கோப்பின் முதல் செக்டரில் ஏற்றியும் அடுத்த செக்டரிலிருந்து முதன்மை நிரலும் அமைந்திருக்கும். அங்கிருந்து செக்டர் 767 வரை, 117 செக்டர்கள் இடைவெளியில்லாமல் நிரம்பியிருந்தன. 768இல், அதாவது சரியாக 3 மெகாபைட்டில், கோப்பு முறைமை தொடங்கியது. புதிய பதிப்பின் எண்ணும் அந்தப் பகுதிக்குள் எழுத்தாகவே கிடந்தது. புதிய ஃபர்ம்வேர் முழுதாக, செத்ததாக நான் நினைத்த கருவிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. முழு அழிப்புக் கட்டளையை அன்று கொடுத்திருந்தால் முதலில் போயிருப்பது அதுதான்.

பிறகு அந்த 117 செக்டர்களையும், 0 முதலான 117 செக்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். செக்டர் 0 முதல் 45 வரை எழுத்துக்கு எழுத்து ஒன்று. செக்டர் 46 முழுவதும் 255. செக்டர் 47 முதல் வேறு நிரல். பழைய பதிப்பின் எண் அதற்குள் இருந்தது. ஏற்றி 46ஆம் செக்டரை அழித்துவிட்டு, எழுதுவதற்குப் பேனாவை எடுத்த கணத்தில் நான் அடாப்டரைப் பிடுங்கியிருக்கிறேன். இவ்வளவு துல்லியமாக என் தவற்றை எனக்கு யாரும் காட்டியதில்லை.

இனி செய்யவேண்டியது எளிது. நகலிலிருந்து அந்த 117 செக்டர்களை, அதாவது 4,79,232 பைட்டை, தனிக் கோப்பாக வெட்டி எடுத்தேன். அதில் முதன்மை நிரலின் பகுதியை ஈஎஸ்பிடூலிடம் கொடுத்துச் சோதித்தபோது கோப்புக்குள்ளேயே பதிந்திருந்த சரிபார்ப்புக் கூட்டுத்தொகை பொருந்தியது. பிறகு அந்தக் கோப்பை முதல் செக்டர் தொடங்கி எழுதினேன். எழுதும்போது ஃபிளாஷ் முறை, வேகம், அளவு ஆகியவற்றை மாற்றாமல் கோப்பில் உள்ளபடியே விடும்படி சொன்னேன். ஈஎஸ்பிடூல் தானாக ஒரு முறையைத் திணித்து, மாட்யூலில் உள்ள ஃபிளாஷ் அதற்கு ஒத்துழைக்காமல் போனால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும். வேறு எந்த செக்டரையும் தொடவில்லை. குறிப்பாக ஃபிளாஷின் கடைசி 20 கிலோபைட்டில் வைஃபை கடவுச்சொல்லும் ரேடியோவின் அளவமைப்பும் இருக்கும். நண்பரின் கன்ட்ரோலரிலிருந்து நகல் எடுத்து முழுதாக எழுதுபவர்கள் அவற்றையும் சேர்த்து எழுதிவிட்டு, இரண்டு கருவிகளும் ஒரே கருவியாகச் செயலியில் தெரிகின்றன என்று குழம்புவது உண்டு.

ஜிபிஐஓ0 கம்பியை எடுத்துவிட்டு மின்சாரம் கொடுத்தேன். தேதி வந்தது, துவக்க முறை 3 வந்தது, "எல்டி" வந்தது. நீலவிளக்கு எரிந்தது. தூக்கிய பூஜ்ஜிய ஓம் இணைப்பைத் திரும்ப உட்காரவைத்தேன்.

பழைய நான்கு தோல்விகள்

கருவி எழுந்துவிட்டது, ஆனால் முதல் நான்கு முறை ஏன் தடுமாறியது என்ற கேள்வி மிச்சமிருந்தது. அதை விட்டுவிட்டுப் பெட்டியை மூடியிருந்தால் அடுத்த புதுப்பிப்பில் இதே கதைதான். தாளில் இருந்த எண்களை மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது: ஐந்தாம் முறை மட்டும் மோட்டார் கம்பி பிடுங்கப்பட்டிருந்தது. ரவுட்டர் முக்காலியில் இருந்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை.

பலகையில் 24 வோல்ட் முதலில் 5 வோல்ட்டாகவும், பிறகு ஏஎம்எஸ்1117 என்ற சீராக்கிச் சிப் மூலம் 3.3 வோல்ட்டாகவும் இறங்குகிறது. மல்டிமீட்டரில் 3.3 வோல்ட் புள்ளியைப் பார்த்தேன்: 3.28, அசையவில்லை. மல்டிமீட்டரின் மெத்தனம் தெரிந்ததால் அதை நம்பாமல், வோல்ட்டின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் கையடக்க ஆசிலோஸ்கோப்பை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிவந்து அதே புள்ளியில் வைத்தேன். பம்ப் முழு வேகத்தில் ஓடும்போது கைபேசிச் செயலியில் எதையாவது தொட்டால், கோடு சட்டென்று 2.6 வரை குழிந்து சில மில்லி நொடிகளில் மீண்டது. ஃபிளாஷ் சிப்கள் பொதுவாக 2.7 வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்யும் என்ற உறுதி இல்லாதவை. சாதாரண நாளில் அந்தக் குழி எப்போதாவது வரும், போகும். கருவி ஒரு நொடி தடுமாறினாலும் நாம் கவனிக்கமாட்டோம். புதுப்பிப்பின்போதோ ரேடியோ ஓயாமல் பேசுகிறது, ஃபிளாஷ் ஓயாமல் அழித்து எழுதுகிறது. சில நிமிடங்களுக்குள் எங்காவது ஒரு குழியில் விழுந்தே தீரும். 23, 41, 12, 64 என்று எண்கள் சிதறியதன் காரணம் இதுவே.

குற்றவாளி, 5 வோல்ட் வரிசையில் மின்சாரத்தைத் தேக்கிவைத்துக் குழிகளை நிரப்பவேண்டிய 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். மேற்புறம் உப்பவில்லை, கசியவில்லை. பார்வைக்குப் புதிது போலவே இருந்தது. கழற்றி அளந்தால் 61 மைக்ரோஃபாரட். உறையில் 85 டிகிரி என்று போட்டிருந்தது. இவ்வகைக் கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் பத்து டிகிரி கூடும் ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ் வேலை செய்பவர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது. மூடிய மர அலமாரி, பக்கத்தில் சூடாகும் 24 வோல்ட் அடாப்டர், சென்னை வெயில், ஓய்வில்லாத நான்கு ஆண்டு ஓட்டம். அதனிடமிருந்து இதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவுக்குப் போனேன். கடையில் இருந்த தம்பி, "எண்பத்தஞ்சு டிகிரி போதுமா சார், நூத்தஞ்சு வேணுமா?" என்று அவராகவே கேட்டார். கன்ட்ரோலரை வடிவமைத்தவர்களிடமும் யாராவது இப்படிக் கேட்டிருக்கலாம். 470 மைக்ரோஃபாரட், 16 வோல்ட், 105 டிகிரி, உள்தடை குறைந்த வகையில் நான்கு வாங்கினேன். நான்கும் சேர்ந்து ஒரு வேளைச் சிற்றுண்டி விலைகூட ஆகவில்லை. ஒன்றை முனைக்குறி பார்த்துச் சால்டர் செய்துவிட்டு ஆசிலோஸ்கோப்பை மறுபடி வைத்தபோது, முழு வேகத்திலும் கோடு 3.2க்குக் கீழே இறங்கவில்லை.

கன்ட்ரோலரை அலமாரிக்குள் அதே இடத்தில் திருகவில்லை. அலமாரிக்கு வெளியே, பின்பக்கச் சுவரில் மாட்டினேன். கம்பி கன்ட்ரோலருக்குள் நுழையும் முன் ஒரு வளைவாகத் தொங்கி மேலேறும்படி விட்டேன், வழிந்துவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சீரியல் கால்களில் சால்டர் செய்த கம்பிகளை எடுக்காமல், ஒரு நான்கு முள் இணைப்பானில் முடித்துப் பெட்டிக்குள் மடித்துவைத்திருக்கிறேன். பரணிலிருந்து வந்த பழைய பம்பைத் திரும்பப் பரணுக்கு அனுப்பவில்லை. அது இப்போது கழுவித் துடைத்து அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

நான்கு மாதம் கழித்து அடுத்த புதுப்பிப்பு வந்தது. இம்முறை வேண்டுமென்றே பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டு, ரவுட்டரை அதன் பழைய அறையிலேயே வைத்து, மடிக்கணினியைச் சீரியல் கம்பியில் மாட்டிக்கொண்டு தொடங்கினேன். பூஜ்ஜியத்திலிருந்து நூறுவரை ஒரே ஓட்டம். நீலவிளக்கு அணைந்தது. திரையில் "சிபி" என்று, நகலெடுப்பு தொடங்கிய அடையாளம் வந்து அப்படியே நின்றது. கைகளைக் கட்டிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதாவது நொடியில் "எல்டி" வந்தது, விளக்கு எரிந்தது. மே மாதத்தில் நான் பொறுத்தது ஐந்தாறு நொடி.

ஒரே ஒரு குறை: புதிய பதிப்பு நேர மண்டலத்தைத் தயாரிப்பாளரின் ஊருக்கு மாற்றிக்கொண்டுவிட்டது. அன்று மாலை தீனி நேரத்துக்கு இரண்டரை மணி முன்னதாகவே பம்ப் பத்து நிமிடம் நின்றது. இதற்குத் திருப்புளி தேவைப்படவில்லை. செயலியின் அமைப்புகளில் ஒரு வரியை மாற்றினால் போதுமாக இருந்தது.